ஒரு பூவின் பெயர்

உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது ஒரு சிறு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். ஞாபக சக்தியை வளர்க்கும் பயிற்சி அது. கருவி இல்லை, புத்தகம் இல்லை. ஓர் இரவு முழுவதும் ஒரு சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரைக்காலில் தங்கை மகள் படிக்கும் பள்ளியில் மனத்திறன் பயிற்சியின் நிறைவு விழாவுக்குச் சென்றிருந்தபோது இந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. குழந்தைகள் கண்களை மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மணிச்சட்டத்தின் மணிகளைக் காற்றில் விரல்களால் தள்ளிக் கூட்டினார்கள். வரிசையாகக் காட்டப்பட்ட படங்களை அதே வரிசையில் திருப்பிச் சொன்னார்கள். தங்கை மகளுக்கு இரண்டாம் பரிசு. பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பெண் அவள். அன்று அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தாள். இதைச் சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இத்தகைய பயிற்சி, பயின்ற வேலையில் தேர்ச்சி தருமே தவிர மற்றப் பாடங்களுக்கும் அப்படியே பரவிவிடாது என்றுதான் உளவியல் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன. இருக்கட்டும். ஒரு குழந்தை தன் கவனத்தைத் தானே ஆளக் கற்பது சிறிய காரியமல்ல.

என்னை உறுத்தியது வேறொன்று. பார்வையாளர் வரிசையில் அவளுடைய தோழி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் அவளைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்கு என்னைவிட நல்லா வரும் மாமா. நான் செய்யறதப் பாத்தே கத்துக்கிட்டா. ஆனா அதுக்குத் தனியாப் பணம் கட்டணும், அவங்க வீட்ல கட்டல."

அன்று மாலை பதக்கத்தைக் கழற்றாமலேயே அவள் அம்மாச்சியோடு பல்லாங்குழி ஆட உட்கார்ந்தாள். பதினான்கு குழிகள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை மாறும்; நான்கு சேர்ந்தால் பசு. அம்மா குழிகளைக் குனிந்து எண்ணுவதே இல்லை. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்பது எடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பேத்தி மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு, "ஒங்களுக்கு யாரு அம்மாச்சி கிளாஸ் எடுத்தாங்க?" என்றாள். அம்மா சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

திண்ணைப் பள்ளியை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. அங்கே பிரம்பு இருந்தது. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. அன்று வாசலை மறித்தது பிறப்பு. இன்று கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. கூர்மையான மனங்கள் எக்காலத்திலும் வெளியே நின்றுகொண்டுதான் இருந்திருக்கின்றன.

ஆனாலும் அந்தத் திண்ணையிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே தேறிய பிள்ளை தேறாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் பரவியது. செலவு குறைவு என்பது அதன் பெரிய கவர்ச்சி.

இப்போது மதிய இடைவேளையில் தங்கை மகளும் தோழியும் மாறி மாறிக் கணக்குச் சொல்லிக்கொள்கிறார்களாம். தோழிதான் பெரும்பாலும் ஜெயிக்கிறாள் என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். அடுத்த ஆண்டு விழாவிலும் அந்தப் பெண்ணின் பெயர் மேடையில் அழைக்கப்படாமல் போகலாம். அவளுக்குக் கணக்கு வரும் என்பது மட்டும் அதனால் இல்லையென்று ஆகிவிடாது.