யாரும் கையை இழுக்காதீர்கள்!

என் வலது தோள் மூட்டு முதன்முதலில் நழுவியபோது எனக்கு வயது 18. கிள்ளானில், எங்கள் தாமான் திடலில் மாலை நேரக் கபடிப் பயிற்சி. பாடிப் போன என்னை மடக்கியவர்களில் ஒருவன் கையைப் பிடித்து இழுக்க, 'மளுக்'கென்று சத்தம். கை தொங்கிவிட்டது.

அங்கிருந்த ஓர் அண்ணன் இழுத்து அதைத் திரும்ப உள்ளே சேர்த்தார். வலி குறைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகவில்லை. சுளுக்கு எடுக்கும் தாத்தாவிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு, மூன்றாம் வாரமே மீண்டும் பாடப் போனேன்.

இரண்டாம் முறை திடலில் நழுவவில்லை. காரின் பின் இருக்கையிலிருந்த பையை எட்டி எடுத்தேன், அவ்வளவுதான். காரை ஓட்டிக்கொண்டிருந்த அம்மா, "எத்தனை நாளாடா இப்படி?" என்று கேட்டபடி நேரே மருத்துவமனைக்கு விட்டார்.

"உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு தோள்தான். ஆழமில்லாத தட்டில் பந்து உட்கார்ந்திருப்பது போல. தட்டின் விளிம்பிலுள்ள வளையம் கிழிந்துவிட்டால் பந்து சுலபமாக வழுக்கும். இளவயதில் ஒரு முறை நழுவினால், மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம்" என்றார் மருத்துவர். தெரியாதவர்கள் இழுத்தால் எலும்பு முறியலாம், நரம்பு பாதிக்கப்படலாம் என்றும் எச்சரித்தார்.

முத்தையா முரளிதரனுக்கு 2002-இல் சார்ஜாவில் பந்தைத் தடுக்கும்போது நழுவியது இடது தோள். பந்து வீசும் கை வலது. ஆனாலும் அடுத்து வந்த லார்ட்ஸ் டெஸ்டில் அவர் ஆடவில்லை. 2021 மார்ச்சில் புனேயில் தோளில் அடிபட்ட ஷ்ரேயாஸ் ஐயர், ஏப்ரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, செப்டம்பரில்தான் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். அவர்களே அவ்வளவு பொறுத்தார்கள். எனக்குத்தான் மூன்று வாரம் போதுமாக இருந்தது!

எனக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தில் கட்டுத் துணி, பிறகு ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி என ஆறு மாதம் ஓடியது. அந்த ஆண்டு மாநிலக் குழுத் தேர்வு கைநழுவிப் போனது.

இப்போது அதே திடலில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு பையனுக்குத் தோள் நழுவியது. இழுக்க ஓடி வந்தவர்களைத் தடுத்தேன். கை இருந்த நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டி, அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன்.

வழியில், வலியோடு கேட்டான்: "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்துரலாமா?"

"தாராளமா வா தம்பி. என் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாம்."