கிட்டி

செங்கல்பட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

வி.ஏ.ஓ. ஆர்டர் வந்த சேதியை உன் அப்பா போனில் சொன்னான். மாமல்லபுரம் போகிற வழியில் என்றதும் பெரியம்மா திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். முதல் ஜமாபந்தியில் அடங்கல், சிட்டா என்று உன்னைப் புரட்டி எடுப்பார்கள், சமாளித்துவிடுவாய். நான் சொல்ல வந்தது வேறு.

காஜுலு லட்சுமிநரசு செட்டி என்று ஒருவர். ரெவின்யூவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய எனக்கே ரிட்டயரான பிறகுதான் அவரைத் தெரியும். 1806-இல் சென்னையில் பிறந்தவர். அவுரி நீலமும் மெட்ராஸ் கைக்குட்டையும் விற்ற குடும்பம். அந்தக் காசில் 1844-இல் ‘கிரசண்ட்’ பத்திரிகை, 1852-இல் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன். காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 வருஷம் இருக்கிறது!

அடுத்த வருஷம் டான்பி சீமோர் என்ற பார்லிமென்ட் உறுப்பினர் இங்கே வந்தார். செட்டியார் அவரை ஊர் ஊராக அழைத்துப்போய், கிஸ்தி வசூல் எப்படி நடக்கிறதென்று குடியானவர்கள் வாயாலேயே கேட்க வைத்தார். விஷயம் லண்டன் வரை போய், 1854-இல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். மறுவருஷம் அறிக்கை.

அதில்தான் கிட்டி வருகிறது. நீ ஆடிய கிட்டிப்புள் இல்லை. பாக்குவெட்டியை நினைத்துக்கொள்: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டை, நடுவில் பாக்கிதாரனின் விரல். குனிய வைத்து வெயிலில் நிறுத்துவதும் உண்டு. செய்ததெல்லாம் தாசில்தாரும் சேவகனும், நம் டிபார்ட்மென்ட்தான். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்கில்லை என்றது கமிஷன். கிஸ்தியை அந்த அளவுக்கு ஏற்றி வைத்தது யாராம்? நியூயார்க் பத்திரிகை ஒன்றில் 1857-இல் கார்ல் மார்க்ஸே இந்த அறிக்கையை வைத்து எழுதியிருக்கிறார்.

செட்டியார் 1863-இல் சட்டசபை உறுப்பினரானார். 1868-இல் இறந்தபோது கையில் காசில்லை.

படித்த அன்று தூக்கம் வரவில்லை, பாப்பா. அடங்கல் நகலுக்கு வந்த கிழவர் ஒருவரை, சும்மா, மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நிற்க வைத்தவன் நான். சித்திரை வெயில்.

உன் ஆபீஸ் வாசலில் நிழலும் இல்லை, பெஞ்சும் இல்லையாமே. நம் திண்ணையில் கிடக்கிற பழைய பெஞ்சை ஞாயிற்றுக்கிழமை டாடா ஏஸில் ஏற்றி அனுப்புகிறேன். ஒரு கால் ஆடும். ஆப்பு வைத்துக்கொள்.

பெரியப்பா