மெஷின் வாங்கும் முன்

பீனிக்ஸ், அரிசோனா
நவம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும் அதோடு நீ வரைந்து அனுப்பியிருந்த சர்க்யூட் படமும் கிடைத்தன. படம் நன்றாக இருக்கிறது. எலெக்ட்ரிக்கல் படித்தவன் போட்டது என்று பார்த்ததுமே தெரிகிறது. நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி: சுட்ட தோட்டாவின் பித்தளைக் கேஸை அனீல் பண்ண, அதாவது சூடாக்கி இளக்க, இண்டக்‌ஷன் மெஷினை நானே கட்டட்டுமா, இல்லை நியூசிலாந்துக்காரன் விற்கிற ஏ.எம்.பி.யை வாங்கட்டுமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு புரோபேன் டார்ச்சும் டிரில்லும் எடுத்துக்கொண்டு, உன்னிடம் இருக்கும் இருநூறு கேஸையும் கையாலேயே ஒரு தடவை அனீல் பண்ணு. உனக்கு என்ன மெஷின் தேவை, தேவைதானா என்பதை அந்த வேலையே சொல்லிவிடும்.

உலோகவியல் படித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ சுடும் 6.5 கிரீட்மூர் கேஸ் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது அதன் கழுத்து விரிந்து சேம்பர் சுவரில் அறைகிறது. வீட்டுக்கு வந்ததும் சைஸிங் டையில் தள்ளி நீ அதை நெருக்குகிறாய். எக்ஸ்பாண்டர் மறுபடி விரிக்கிறது. இப்படி மாறி மாறி வாங்கிக்கொண்டே இருந்தால் பித்தளை இறுகிப் போகும். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் தகட்டைத் தட்டுகிறவர் நடுநடுவே அதை உலையில் காட்டி எடுப்பதும் இதற்காகத்தான். காட்டாமல் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு கீறிவிடும்.

இறுகிய கழுத்து டையை விட்டு வெளியே வந்ததும் திமிறிக்கொண்டு விரியும். அது குண்டைப் பிடிக்கும் பிடி ஒரு கேஸில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி. தோளை 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ள நீ டையை செட் பண்ணியிருப்பாய், ஒன்று 0.001 தள்ளும், இன்னொன்று 0.003 தள்ளும். கடைசியில் ஒரு நாள் கழுத்து நீளவாக்கில் பிளக்கும், கேஸ் குப்பைக்குப் போகும். அனீலிங் இதைத்தான் தடுக்கிறது. கேஸ் அதிக நாள் உழைக்கும், சைஸிங் சீராக வரும்: இந்த இரண்டுக்கும் நான் உத்தரவாதம். இலக்கில் உன் குரூப் சுருங்கும் என்று மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன். அதில் கெட்டிக்காரர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி சூடு. "எத்தனை டிகிரி வேண்டும்?" என்று நீ கேட்டதில் பாதிக் கேள்விதான் இருக்கிறது. எத்தனை டிகிரியில் எத்தனை நேரம் என்று கேட்க வேண்டும். நன்றாக இறுகிய பித்தளையை ஒரு மணி நேரம் உலையில் வைத்தால் சுமார் 300 டிகிரி செல்சியஸிலேயே உள்ளே புதுப் படிகங்கள் பிறந்து அது இளகத் தொடங்கும். நமக்குக் கிடைப்பதோ ஐந்தாறு விநாடி. அந்த அவசரத்துக்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். கடையில் கிடைக்கும் 750 டிகிரி ஃபாரன்ஹீட் டெம்பிலாக், அதாவது அந்தச் சூட்டில் உருகுகிற வண்ணத் திரவம், சுமார் 400 செல்சியஸைத்தான் காட்டும். அதை வெறும் முதல் படி என்று வைத்துக்கொள். இருட்டில் எந்தத் திடப்பொருளும் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது ஏறக்குறைய 525 டிகிரியில். 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் சொன்ன கணக்கு அது. இன்றும் அதைவிட மலிவான தெர்மாமீட்டர் கிடையாது. விளக்கை அணைத்தால் போதும்.

கழுத்தும் தோளும் இளக வேண்டும். அடிப்பகுதி இளகவே கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதே. உன் ரைபிளில் 62,000 பி.எஸ்.ஐ. வரை எழும்பும் அழுத்தத்தை, போல்ட்டுக்கு முன்னால் எந்தத் தாங்கலும் இல்லாத இடத்தில், அந்த அடிப்பகுதிதான் ஒற்றையாகத் தாங்கி நிற்கிறது. அது இளகினால் ப்ரைமர் பாக்கெட் தளரும், அதற்கும் மேலே போனால் வாயு உன் முகத்துக்கு நேராக வரும். எல்லாக் கேஸையும் தட்டில் அடுக்கி அடுப்பு அவனில் வைத்தால் ஒரே தடவையில் முடிந்துவிடுமே என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். அப்படிச் செய்தால் அடியும் கழுத்தும் ஒரே சூட்டில் வேகும். அவன் கேஸை அவனே வைத்துக்கொள்ளட்டும், நீ அவன் பக்கத்து பெஞ்சில் உட்காராதே.

சரி, கை வேலைக்கு வருவோம். ப்ரைமரை எல்லாம் முதலிலேயே தட்டி எடுத்துவிடு. உயிருள்ள ப்ரைமரோடு ஒரு கேஸ்கூட அந்த மேஜைக்கு வரக் கூடாது. வெடிமருந்து டப்பாக்கள் வீட்டுக்குள் போகட்டும். கராஜ் கதவு பாதி திறந்திருக்கட்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், கேஸ் விழுகிற இடத்தில் இரும்புத் தட்டு இருக்கட்டும்.

டிரில்லில் ஒரு ஆழமான சாக்கெட்டை மாட்டு. கேஸை அதற்குள் போட்டால் அடி உள்ளே ஒளிந்துகொள்ளும், கழுத்தும் தோளும் கொஞ்சம் உடம்பும் வெளியே தெரியும். முதல் சில கேஸுக்கு மட்டும் கழுத்தின் உட்புறம் 750 டெம்பிலாக்கை ஒரு கோடு பூசு. தோளுக்குக் கீழே, உடம்பின் மேல் 450 டெம்பிலாக்கை இன்னொரு கோடு பூசு. டார்ச்சை ஸ்டாண்டில் நிறுத்து. நீல ஜ்வாலையின் உள்கூம்பு முனை தோளும் கழுத்தும் சேருமிடத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மெட்ரோனோமை விநாடிக்கு ஒரு தட்டு என்று வை. டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு எண்ணு. உள்ளே பூசியது பளபளவென்று உருகும். ஓரிரு தட்டில், இருட்டில் கழுத்து விளிம்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். அந்தக் கணமே டிரில்லைக் கவிழ்த்துக் கேஸைத் தட்டில் விடு. அதே சமயம் கீழே பூசிய 450 கோடு உருகாமல் காய்ந்தபடியே இருந்தால் நேரம் சரி. அதுவும் உருகியிருந்தால் ஜ்வாலை கீழே இறங்கிவிட்டது, அல்லது நீ ரொம்ப நேரம் வைத்துவிட்டாய் என்று அர்த்தம். அந்தக் கேஸை நசுக்கிப் போட்டுவிடு. கழுத்து ஆரஞ்சாக ஒளிர்ந்தால் அதுவும் குப்பைக்குத்தான்.

தண்ணீரில் போடணுமா என்று கேட்பாய். இரும்பை முக்கினால் இறுகும் என்ற பழக்கத்தில் வருகிற சந்தேகம் அது. பித்தளைக்குத் தண்ணீர் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. சூடு கீழே இறங்குவதை நிறுத்தும், அவ்வளவுதான். அப்புறம் உள்ளே ஈரம் காயக் காத்திருக்க வேண்டும். தட்டே போதும்.

கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் படியும். அதைத் தேய்த்து எடுக்காதே. லேக் சிட்டி ராணுவக் கேஸும் லப்புவா கேஸும் அந்த நிழலோடுதான் வருகின்றன. மற்ற கம்பெனிகள் பல அதை மெருகேற்றி அழித்து விற்கின்றன. ஆனால் நிழல் விழுந்ததாலேயே வேலை நடந்துவிட்டது என்று நம்பிவிடாதே. பித்தளை இளகுவதற்கு வெகு முன்பே நிறம் மாறத் தொடங்கிவிடும்.

இருநூறு முடிந்ததும் உன் கை வலிக்கும், ஒரே எண்ணிக்கையை எண்ணி அலுத்தும் போயிருப்பாய். மெஷினுக்குக் கொடுக்கிற காசு அந்த அலுப்புக்குத்தான். நூறாவது கேஸும் முதல் கேஸ் வாங்கிய அதே சூட்டை வாங்க வேண்டும். மனுஷன் தடுமாறுகிற இடம் அது. நான்கு தடவை சுட்டதற்கு ஒரு முறை அனீல் பண்ணுகிறவனுக்கு வருஷத்தில் ஓரிரு மாலை வேலை. போட்டிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் பண்ணுவார்கள். நீ அந்த ரகமா என்று முதலில் உன்னையே கேட்டுக்கொள்.

அலுப்பு தாங்காது என்றால் அடுத்த படி அனீலீஸ் மாதிரி ஜ்வாலை மெஷின். கேஸ்களைக் கொட்டிவிட்டால் சக்கரம் ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் முன்னால் உருட்டி, நேரம் முடிந்ததும் கீழே விடும். சில நூறு டாலரில் முடிந்துவிடும். பென்ச் சோர்ஸ், ஜிரோ எல்லாம் இதே வகையில் இன்னும் கனமான சாமான். குறை என்னவென்றால் சிலிண்டர் காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும், ஜ்வாலை மாறும், காற்றடித்தால் ஆடும். நடுநடுவே ஒரு கேஸில் டெம்பிலாக் பூசிப் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

ஏ.எம்.பி. வேறு ஜாதி. ஜ்வாலையே கிடையாது. ஒரு கேஸைப் பலி கொடுத்தால் அதை அளந்து அந்த லாட்டுக்கு என்ன செட்டிங் என்று அதுவே சொல்லும். இது பெரிய விஷயம். லப்புவா, ஹார்னடி, நார்மா மூன்றின் கழுத்துத் தடிமனும் எடையும் ஒன்றாக இருக்காது. ஒன்றுக்குச் சரியான நேரம் இன்னொன்றுக்குப் பத்தாது. விலை 1,500 டாலர் பக்கம். உன் நல்ல கேஸ் ஒன்று டாலருக்குக் கொஞ்சம் மேல். இருநூறு கேஸின் ஆயுள் இரட்டித்தாலும் உனக்கு மிச்சமாவது முந்நூறு டாலருக்குள்தான். காசு மிச்சம் என்று சொல்லிக்கொண்டு மட்டும் அதை வாங்காதே. உன் வீட்டுக்காரிக்குக் கணக்கு நன்றாக வரும்.

இனி உன் சர்க்யூட். 48 வோல்ட் சப்ளை, 1000 வாட் இசட்.வி.எஸ். போர்டு, தாமிரக் குழாய்ச் சுருள், தண்ணீர் பம்ப், டைமர், கேஸை விடுவிக்க சோலினாய்டு: எல்லாம் சரிதான். மூன்று இடத்தில் சிவப்பு மை போட்டிருக்கிறேன். ஒன்று, சுருளை ஆன் பண்ண ஏ.சி.க்கு உரிய சாலிட் ஸ்டேட் ரிலே போட்டிருக்கிறாய். டி.சி.யில் அது ஒரு தடவை ஆனால் அணையாது. கேஸ் உருகி ஒழுகும்வரை எரிந்துகொண்டே இருக்கும். டி.சி. ரிலே போடு, அதற்கு மேல் தனியாக ஒரு காவல் டைமரும் வை. இரண்டு, அந்த போர்டுக்கு வோல்டேஜ் மெதுவாக ஏறினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி எரிந்துவிடும். சப்ளை முழு வோல்டேஜுக்கு வந்த பிறகே போர்டுக்கு மின்சாரம் போக வேண்டும். மூன்று, பித்தளை இரும்பு மாதிரி காந்தத்துக்கு மசியாது. அதனால்தான் சில மெஷினில் ஃபெரைட் வைத்துக் காந்தப்புலத்தைக் கழுத்தில் குவிக்கிறார்கள். உன் படத்தில் வெறும் சுருள்தான் இருக்கிறது. அதுவும் வேலை செய்யும், ஆனால் சுருளும் கப்பாசிடரும் சூடேறச் சூடேற முப்பதாவது கேஸுக்கு வேறு அளவு சூடு போகும். கரண்டை அளந்து எழுதி வை.

கட்டுவதில்தான் உனக்குச் சுகம் என்றால் தாராளமாகக் கட்டு. அது தனியாக இன்னொரு பொழுதுபோக்கு என்று தெரிந்து கட்டு. அப்போதும் கையால் பண்ணிய அனுபவம் வேண்டும். இல்லாவிட்டால் உன் மெஷின் சரியாகச் செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வாய்?

இன்னொன்று. கேஸ் பளபளக்க பிராஸோ போடலாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா குத்துவிளக்குக்குப் போடுவாள், விளக்குக்குப் பாதகமில்லை. கேஸுக்கு ஆகவே ஆகாது, அதில் அமோனியா இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் ராணுவத்தின் தோட்டாக் கேஸ்கள் சும்மா கிடந்த இடத்திலேயே வெடிப்பு விட்டன. லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தின் அமோனியா, மழையின் ஈரம், இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்துதான் காரணம். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் 1921இல் இதை விளக்கி எழுதினார்கள். லேசாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தணித்தால் வெடிப்பு நிற்கும் என்பதும் அந்த ஆராய்ச்சியில் வந்ததுதான். நம் ஊர் மழையும் இந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் பங்களித்திருக்கிறது.

ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது. பொங்கலுக்குப் போகிறாய் அல்லவா? ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்கு எடுத்துப் போகாதே. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண மத்திய அரசின் லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது. பையின் மூலையில் ஒரு காலிக் கேஸ் கிடந்தாலும் ஏர்போர்ட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே உன் துப்பாக்கிப் பழக்கம் பிடிக்காது, அந்த ஃபோன் அவளுக்குப் போக வேண்டாம்.

ஊருக்குக் கிளம்புமுன் ஒரு சனி ஞாயிறு அல்புகர்க்கியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு இங்கே வா. ஐம்பது கேஸ் அனீல் பண்ணியது, அதே லாட்டில் ஐம்பது பண்ணாதது, இரண்டையும் சைஸ் பண்ணித் தனித்தனி டப்பாவில் கொண்டு வா. டப்பாவில் எழுதாதே, எது எது என்று என்னிடம் சொல்லவும் சொல்லாதே. என் பிரஸ்ஸில் குண்டை ஏற்றும்போது கைப்பிடியின் அழுத்தத்தை வைத்தே நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன். மறுநாள் இங்குள்ள பென் ஏவரி ரேஞ்சில் குரோனோகிராஃப் வைத்துச் சுட்டுப் பார்ப்போம். நான் தப்பாகச் சொன்னால் உன் இசட்.வி.எஸ். போர்டுக்கு நான் காசு தருகிறேன். சரியாகச் சொன்னால் அடுத்த இருநூறையும் நீ கையாலேயே பண்ண வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம். அத்தை முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், வாங்கிப் போக ஒரு பெரிய டப்பா எடுத்து வா.

அன்புடன்,
மாமா