டம்ளர் சொல்லும் கணக்கு

புல்தரையில் ஒரு மூலை மட்டும் பழுத்துப்போனால் வீட்டுக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "தண்ணி பத்தலைங்க, இன்னுமொரு பத்து நிமிஷம் சேத்தி ஓட்டுங்க." கோவையில் எனக்குத் தோட்டப் பாசன வேலை பழக்கும் அண்ணன் இதற்குச் சட்டென்று தலையாட்ட மாட்டார். "நேரத்தக் கூட்டுனா மத்த எடமெல்லாம் சேறாயிரும் தம்பி. மொதல்ல டம்ளர வைங்க" என்பார்.

ஒரே அளவு டம்ளர்கள் 20-ஐத் தரை முழுக்கச் சம இடைவெளியில் வைத்து, கால் மணி நேரம் ஸ்பிரிங்க்ளரை ஓட்டுவோம். டம்ளர் அடியில் குறுகியிருப்பதால், நின்ற தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் கணக்குத் தப்பும். சிரிஞ்சில் உறிஞ்சி மில்லி கணக்கில் எழுத வேண்டும். மிகக் குறைவாகப் பிடித்த 5 டம்ளர்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுக்க வேண்டும். ஒரு வீட்டில் மொத்தச் சராசரி 24 மில்லி, அந்த ஐந்தின் சராசரி 12. ஆக, 0.5. காய்ந்த பகுதிக்குப் போதுமான தண்ணீர் கிடைக்க இருமடங்கு நேரம் ஓட்டியாக வேண்டும். மற்ற இடங்களில் வேருக்குக் கீழே இறங்குவதெல்லாம் வீண். போர்வெல் தண்ணீரை இப்படிப் பாழாக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. கலிபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் என்ற பொறியாளர் 1942-லேயே டப்பாக்களை வைத்து அளந்து, சீர்மைக்கு ஒரு குணகமும் வகுத்துக் கொடுத்தார். இன்னமும் பலர் பச்சை நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்த வீட்டில் கோளாறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, இடைவெளி. ஒரு ஸ்பிரே தலை தன் அருகில் நிறையவும் தூரம் போகப்போகக் குறைவாகவும் கொட்டும். அதனால் ஒன்றின் தண்ணீர் அடுத்த தலையின் காலடி வரை எட்ட வேண்டும். 4 மீட்டர் வீசும் தலைகளை 4 மீட்டருக்கு ஒன்றாகத்தான் நட வேண்டும். தலைகளை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரோ 6 மீட்டருக்கு ஒன்று நட்டிருந்தார்கள்.

இரண்டாவது கோளாறு, திரும்பித் திரும்பி வீசும் ரோட்டர் தலைகளின் வரிசையில். அதுதான் எனக்குப் புரிய நாளானது. மூலையில் நிற்கும் ரோட்டர் கால்வட்டத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். நடுவில் இருப்பது முழு வட்டம் சுற்றும். ஒரே வேகத்தில் திரும்பும்போது, நடுத்தலை ஒருமுறை சுற்றி வருவதற்குள் மூலைத்தலை தன் பரப்பை நான்கு முறை நனைத்துவிடும். ஆகவே நடுவில் நிமிடத்துக்கு 12 லிட்டர் நாசில் என்றால் ஓரத்தில் 6, மூலையில் 3. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே நாசில். மூலைகளில் பாசி, நடுவில் காய்ச்சல்.

பிரஷரையும் பார்க்காமல் விட முடியாது. ஸ்பிரே தலைக்கு ஏறக்குறைய 2 கிலோ, ரோட்டருக்கு 3. கூடினால் தண்ணீர் பனிப்புகையாகிக் காற்றோடு போகும். குறைந்தால் துளிகள் உடையாமல் வெளி விளிம்பில் வளையமாக விழும். மோட்டார் பக்கத்தில் கேஜ் நன்றாகக் காட்டினால் போதாது, கடைசித் தலையில் பார்க்க வேண்டும். தரை 10 மீட்டர் ஏறினால் 1 கிலோ போய்விடும். சாய்ந்த தலை, புல் மூடிய தலை, மணல் அடைத்த ஃபில்டர் ஆகியவற்றை டம்ளர் வைப்பதற்கு முன்பே சரிசெய்துவிடுவோம்.

இடையில் புதிய தலைகள் நட்டு, நாசில்களை மாற்றி மறுபடி அளந்ததில் 0.75 வந்தது. முன்பு 30 நிமிடம் கேட்ட தரைக்குக் கணக்குப்படி 20 போதும். டைமரில் அதை வைத்து, விடியலுக்கு முன் ஓடும்படி மாற்றினோம். ஆனால் இது காற்றில்லாத காலையில் எடுத்த அளவு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கும்போது வீச்சு ஒருபக்கம் தள்ளிப்போகும். அப்போது தாழ்ந்த கோண நாசில் தேவையா என்று மறுபடி டம்ளர் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.