தேனீயின் தூரக்கணக்கு

கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம். தொலைவைக் குறிக்கும் இத்தமிழ் வழக்குகள் உடலின் அனுபவத்தில் பிறந்தவை. தேனீயின் அளவுகோலும் அத்தகையதே.

தேனீயின் கண்கள் அசையாதவை. ஒன்றுக்கொன்று மிக அருகில் அமைந்தவை. இரு விழிகளின் காட்சியை ஒப்பிட்டுத் தொலைவை அறியும் மனித முறை அதற்கு அவ்வளவாக உதவாது. ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பவருக்கு அருகிலுள்ள கம்பங்கள் விரைந்து மறையும். தொலைவிலுள்ள மலையோ மெல்ல நகரும். காட்சி நகரும் இவ்வேகத்தைக் கொண்டே தேனீ தன் பறத்தலை நெறிப்படுத்துகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, பின்னர் ஆஸ்திரேலியாவில் ஆய்வு நடத்திய மண்டயம் சீனிவாசனும் அவருடைய குழுவினரும் இதனை எளிய சோதனைகளால் நிறுவினர். குறுகிய பாதையில் தேனீ இரு சுவர்களுக்கும் நடுவே பறக்கிறது. ஒரு பக்கச் சுவரை அது பறக்கும் திசையிலேயே நகர்த்தினால், அப்பக்கக் காட்சியின் வேகம் குறைகிறது. சுவர் விலகிவிட்டதெனக் கொண்டு தேனீ அதனை நெருங்குகிறது. தரையிறங்கும்போதும் காட்சியின் வேகத்தை மாறாமல் காக்கிறது. எனவே தரை நெருங்க நெருங்க அதன் வேகம் தானே தணிகிறது.

உணவிருக்கும் தொலைவைத் தேனீ நடனத்தால் உணர்த்துகிறது என்பதை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். செலவிடும் ஆற்றலைக் கொண்டே தேனீ தொலைவைக் கணிக்கிறது என முன்னர் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான சீனிவாசன் குழுவினரின் ஆய்வு அக்கருத்தை மாற்றியது. கோலமிட்ட சுவர்கள் கொண்ட குறுகிய சுரங்கத்தில் சில மீட்டர் மட்டுமே பறந்த தேனீ, அதனைப் பன்மடங்கு நெடிய தொலைவாக ஆடிக் காட்டியது. சுவர்கள் அருகில் இருந்ததால் காட்சி விரைந்தோடியதே காரணம். மறு ஆண்டு வெளியான ஆய்வில், அந்நடனத்தை நம்பிச் சென்ற கூட்டுத் தேனீக்கள் திறந்தவெளியில் தொலைதூரத்தில் உணவைத் தேடின.

ஆடிய தேனீ பொய் சொல்லவில்லை. தான் கண்டதையே சொன்னது. கேட்டவையும் அதனைப் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. இயற்கையில் இரு சாராரும் ஒரே வழியில் ஒரே காட்சிகளைக் கடந்து பறப்பதால் அச்சொல் பொருந்துகிறது. வழி வேறானபோது பொருள் பிறழ்கிறது. கூப்பிடு தூரம் என்பதும், காற்றின் திசையும் ஊரின் இரைச்சலும் இருவருக்கும் பொதுவாக உள்ளவரைதான் செல்லும்.