தாழ்ந்த நிலமும் தாழாத வரைபடமும்

கிரேட் நிகோபாரின் தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அது நின்ற நிலம் ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. கரையில் இருந்த விளக்கத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது. வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் நம்பகத்தன்மையை ஆராய்வோர் இக்காட்சியிலிருந்து தொடங்கலாம்.

ஆழிப்பேரலை மாதிரிக்கு உள்ளீடுகள் பல: நிலப்பிளவின் நீளம், சறுக்கலின் அளவு, கடலடி ஆழம், கரையின் உயரம், தரையின் உராய்வைக் குறிக்கும் மானிங் கெழு. இவற்றுள் எதுவும் முற்றத் துல்லியமாகத் தெரிந்ததன்று. எனினும் எல்லா ஐயங்களுக்கும் ஒரே எடை இல்லை. அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அங்கே 2 மீட்டர் அளவீட்டுப் பிழையால் விடை அசையாது. 10 மீட்டர் ஆழத்தில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். அதே பிழை அங்கே வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு மாற்றிவிடும். எந்த அளவுருவை அசைத்தால் விடை எவ்வளவு அசைகிறது என்று காண்பதே உணர்திறன் ஆய்வு.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. பாறைத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தமையால் சிறு அலைகளே எழுந்தன. நடுக்கத்தின் அளவை மட்டும் நம்பிய கணக்கு பேரழிவை அறிவித்திருக்கும்.

அந்தமானில் நிலமே ஓர் அளவுரு. 2004இல் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது; சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்தது. வட அந்தமானிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேல் உயர்ந்தன. பழைய உயரங்களைக் கொண்டு இன்று மாதிரியை இயக்கினால் ஓரிடத்தில் ஆபத்து குறைவாகவும் மற்றோரிடத்தில் மிகையாகவும் தோன்றும்.

இங்கேதான் ஆய்வாளரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. உயரத்தில் உள்ள பிழையை உராய்வுக் கெழுவைச் சற்றே திருத்தி மறைத்துவிட முடியும். சுவர்களில் பதிந்த நீர்த்தடங்களோடு விடை அழகாகப் பொருந்தும். வரைபடமும் குறையற்றதாகத் தோன்றும். ஆனால் தவறான காரணத்தால் கிடைத்த அந்தப் பொருத்தம் அடுத்த அலைக்கு உதவாது.

நிகோபாரில் உயிர்பிழைத்த குடும்பங்கள் பல, கடற்கரை ஊர்களை விட்டு மேட்டுநிலங்களில் குடியேற்றப்பட்டன. எந்த மேடு போதுமானது என்ற கேள்விக்கு மாதிரி ஒற்றைக் கோடாக விடை தருகிறது. அக்கோட்டின் இருபுறமும் உள்ள ஐயத்தின் அகலத்தையும் வரைந்து காட்டுவது ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு உரிய வேலையன்று. அங்கு வீடு கட்டுவோருக்குச் செலுத்த வேண்டிய கடன்.