மான்டுவாவில் ஒரு மாமியார், மருமகள்

வெரோனாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். மூன்று பக்கம் ஏரி, நடுவில் மான்டுவா. பரங்கிக்காய் பூரணம் வைத்து ஒரு பலகாரம் தருகிறார்கள். நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் நான் போனது சாப்பிட அல்ல. ஆந்திரெய்னி என்ற குடும்பப் பெயர்தான் இழுத்துக்கொண்டு போயிற்று.

அந்தப் பெயரில் இரண்டு பிரபலங்கள். இஸபெல்லா, வர்ஜீனியா. அக்கா தங்கை இல்லை சார், மாமியார் மருமகள்!

மாமியார் இஸபெல்லா 1562-ல் பாதுவாவில் பிறந்தவர். கெலோஸி நாடகக் கம்பெனியின் கதாநாயகி. 1589-ல் ஃப்ளாரன்ஸில் நடந்த மெடிச்சி கல்யாணத்தில் பைத்தியக்காரியாக நடித்து அசத்தினார். நடிகை என்றாலே முகம் சுளித்த காலம். அப்போதே 'மிர்தில்லா' என்ற நாடகம் எழுதி, சொந்தப் பெயரில் அச்சேற்றிவிட்டார். பிறகு கவிதைகள் வேறு. 1604-ல் பிரான்ஸில், லியோன் நகரில், கர்ப்பம் கலைந்து இறந்துபோனார். கணவர் பிரான்செஸ்கோ அத்தோடு கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்.

மருமகளுக்குச் சோதனை நாலு வருஷம் கழித்து, இதே மான்டுவா அரண்மனையில். 1608-ல் இளவரசர் கல்யாணத்துக்காக மான்டிவெர்டி இசையமைத்த ஓபரா 'அரியான்னா'. காதலன் தீவில் விட்டுவிட்டு ஓடிப்போக, தனியாக நின்று புலம்பும் பெண்ணின் கதை. நாயகியாகப் பாட இருந்த கதரீனா மார்ட்டினெல்லி, மார்ச் மாதம் பெரியம்மையில் போய்விட்டாள். பதினெட்டு வயசு. மான்டிவெர்டி வீட்டிலேயே தங்கிப் பாட்டுக் கற்றவள். அவர் மனைவி இறந்தும் ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

கல்யாணத் தேதி நெருங்குகிறது. கூப்பிடு வர்ஜீனியாவை!

நாடக நடிகை, பாட்டும் வரும். ஆறே நாளில் பாடம் பண்ணிவிட்டாராம். (எங்க ஆபீசில் ஆறு நாளில் லீவ் லெட்டர்கூட மேஜை மாறாது.) மே 28 அன்று அவர் புலம்பியபோது கண் கலங்காத பெண்ணே சபையில் இல்லை என்று அரண்மனைக்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அத்தனை பேரும் அரியான்னாவுக்காக மட்டுமா அழுதிருப்பார்கள்? எனக்கு நம்பிக்கையில்லை.

ஐந்நூறு அறைக்கு மேல் உள்ள அந்த அரண்மனையில் மேடை இருந்த இடத்தைத் தேடினேன். கால் வலித்ததுதான் மிச்சம். கல்யாணத்துக்காகப் போட்ட தற்காலிக அரங்கமாம். நம்ம பந்தல் மாதிரி. ஓபராவின் இசையும் தொலைந்துவிட்டது, அந்தப் புலம்பலைத் தவிர.

ஏரிக்கரையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். பாஷை புரியவில்லை. கடைசி ரயிலை விட்டுவிட்டேன்.